கல்லூரி ஃபுட்பால்: விளம்பரப் பணம் அணியை உடைக்கிறதா?

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு வினோதம் நடந்தது. அந்த ஊரில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி பருவத்தின் முதல் 3 ஆட்டங்களையும் ஜெயித்திருந்தது. அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, "இந்தப் பருவத்தில் இனி ஆடப்போவதில்லை" என்று அறிவித்துவிட்டு விலகிவிட்டார். காயம் எதுவும் இல்லை. தன்னைச் சேர்க்கும்போது கொடுத்த வாக்குறுதிகள் காப்பாற்றப்படவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். உதவி கோச் ஒருவர் 1 லட்சம் டாலர் தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னார் என்றது அவர் தரப்பு. செல்லுபடியாகும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது என்றது பல்கலைக்கழகம்.

இந்தச் செய்தி வந்தவுடன் எல்லோரும் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். "பார்த்தீர்களா, கல்லூரிப் பையன்கள் கையில் பணம் வந்ததும் அணி ஒற்றுமை போயே போச்சு!"

உண்மையிலேயே பணம்தான் ஒற்றுமையைக் கெடுக்கிறதா? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. பணம் வந்ததை விட, அது எப்படி வந்தது என்பதில்தான் சிக்கலே.

முதலில் கொஞ்சம் பின்னணி

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் கவசமும் போட்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். அதைக் கல்லூரிகள் ஆடுகின்றன என்றதும் ஏதோ கல்லூரி ஆண்டுவிழாப் போட்டி என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். டிவி உரிமை, டிக்கெட், பனியன், தொப்பி என்று பணம் கொட்டுகிற தொழில் இது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்ததற்கு இல்லை, வேலையை விட்டுப் போவதற்கு!

ஆடுகிற பையன்களுக்கு என்ன கிடைத்தது? படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. அவ்வளவுதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, மாணவர்கள் அமெச்சூர்களாகவே இருக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் பிடிவாதமாக நின்றது. தன் கையெழுத்தை விற்றால்கூடக் குற்றம். ஒஹையோ ஸ்டேட் அணியின் ஆட்டக்காரர்கள் சிலர் தங்களுக்குக் கிடைத்த நினைவுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டார்கள் என்பதற்காக 5 ஆட்டங்கள் தடை பெற்றார்கள். அந்த விவகாரத்தில் 2011இல் அவர்களுடைய கோச்சே பதவி விலக நேர்ந்தது.

இந்தக் கோட்டையில் ஓட்டை விழ ஆரம்பித்தது 2009இல். முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் உருவம் ஆடுவதைப் பார்த்தார். அதற்காக அவருக்கு ஒரு காசு வரவில்லை. வழக்குப் போட்டார். 2014இல் தீர்ப்பு பெருமளவு அவர் பக்கம் வந்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம், மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. 2021 ஜூன் 21இல் ஆல்ஸ்டன் என்ற வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பத்து நாள்தான், 2021 ஜூலை 1 முதல் விளம்பர வருமானத்துக்குக் கதவு திறந்துவிட்டது.

பயம் எங்கிருந்து வருகிறது?

கதவு திறந்த அதே மாதத்தில் அலபாமா அணியின் கோச் நிக் சேபன் ஒரு விஷயத்தைச் சொன்னார். அவருடைய இளம் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்குக்கு வந்த விளம்பர ஒப்பந்தங்கள் 10 லட்சம் டாலரை நெருங்கிவிட்டன என்று. அப்போது யங் அலபாமாவுக்கு ஒரு ஆட்டத்தில்கூட முதல் குவார்ட்டர்பேக்காக இறங்கியிருக்கவில்லை!

ஃபுட்பாலில் இது ஏன் பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தாக்கும் பக்கத்தில் 11 பேர். நடுவில் குவார்ட்டர்பேக். எல்லாக் கேமராவும் அவர் மேல்தான். அவருக்கு முன்னால் 5 லைன்மேன்கள். ஆளாளுக்கு 130, 140 கிலோ இருப்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரணிக்காரன் வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்காமல் தடுத்து நிற்பதுதான் வேலை. அவர்களில் ஒருவர் ஒரு நொடி அசந்தால், வலது கைக் குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப்புறத்திலிருந்து அடி விழும். அதாவது, விளம்பரத்தில் வருகிறவரின் எலும்புகள், விளம்பரத்தில் வராத ஐந்து பேரின் கையில் இருக்கின்றன.

ஒருவருக்கு 10 லட்சம், அவரைக் காப்பாற்றுகிறவருக்கு ஒன்றுமில்லை என்றால் மனசு கசக்காதா? கசக்கும். மூன்று வருடம் உழைத்து வரிசையில் காத்திருக்கும் சீனியருக்கு, புதிதாக வந்த 18 வயதுப் பையன் தன்னைவிடப் பல மடங்கு வாங்குகிறான் என்று தெரிந்தால் வலிக்கத்தான் செய்யும். இதை இல்லை என்று மறுப்பதில் அர்த்தமில்லை. 2024 ஜனவரியில் ஓய்வு பெற்ற சேபன், தன் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டே கேள்விகளைத்தான் கேட்டார்கள் என்று பின்னால் சொன்னார். அடுத்த வருடம் ஆட இடம் உறுதியா, எவ்வளவு கிடைக்கும்?

கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகளை எந்த வேலையில் இருப்பவர் கேட்காமல் இருக்கிறார்?

அந்தக் காலத்து ஒற்றுமை

பணம் வருவதற்கு முன்னால் அணிகள் குடும்பம் மாதிரி இருந்தன என்று பழைய ஆட்கள் உருகுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் சட்டதிட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஃபுட்பால் மாணவர் வேறு பெரிய கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021 வரை இதுதான் பொதுவான விதி. ஆக, பலர் அணியில் நிலைத்திருந்ததற்குப் பாசம் ஒரு காரணம் என்றால், போக வழியில்லாதது இன்னொரு காரணம். பூட்டிய வீட்டுக்குள் எல்லோரும் சேர்ந்து இருப்பதை ஒற்றுமை என்று சொல்லிவிட முடியுமா?

அந்தப் பூட்டு கோச்சுகளுக்குக் கிடையாது என்பதுதான் வேடிக்கை. சேபனே 2006 டிசம்பரில், மயாமி டால்ஃபின்ஸ் அணியை விட்டு அலபாமாவுக்குப் போகமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னவர். 2007 ஜனவரியில் அலபாமாவுக்குப் போனார். 2025 நவம்பர் கடைசியில் லேன் கிஃபின், 11 ஆட்டங்களில் ஜெயித்துத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குப் போகவிருந்த ஓல் மிஸ் அணியை விட்டுவிட்டு எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பிவிட்டார். கோச் போனால் அது முன்னேற்றம். மாணவன் போனால் துரோகம். இந்த இரட்டை அளவுகோல் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

அடுத்தது, பணமே இல்லாத பொற்காலம் என்று ஒன்று இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். டெக்சாஸில் எஸ்.எம்.யு. என்றொரு பல்கலைக்கழகம். அதன் பணக்கார ஆதரவாளர்கள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது தெரிந்து, 1987 பருவம் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. 1988இல் பல்கலைக்கழகமே ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. பணம் அப்போதும் இருந்தது, மேசைக்கு அடியில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பணம் சேர்த்துவைத்த அணிகள்

இப்போது அதே எஸ்.எம்.யு.வுக்கு வருவோம். 2022இல் அதன் ஆதரவாளர்கள் ஒரு நிதிக்குழு அமைத்தார்கள். இப்படிப்பட்ட குழுக்களை அங்கே 'கலெக்டிவ்' என்கிறார்கள். ஃபுட்பால், கூடைப்பந்து அணிகளில் இருந்த ஒவ்வொரு மாணவருக்கும் வருடத்துக்கு 36,000 டாலர் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். 2024இல் எஸ்.எம்.யு. 11 ஆட்டங்களில் ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனது. அந்தப் பணத்தால்தான் ஜெயித்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பணம் அணியை உடைத்துவிடவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்படி இன்னும் சில உண்டு.

2021 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்தின் பி.ஒய்.யு. அணியோடு ஒரு புரோட்டீன் பார் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. நட்சத்திரத்தை மட்டும் பிடிக்காமல் முழு அணியையும் சேர்த்துக்கொண்டது. அதில் 36 'வாக்-ஆன்' மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணத்துக்குச் சமமான தொகை கிடைத்தது. வாக்-ஆன் என்றால் ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் பயிற்சி எடுப்பவர்கள். மற்றவர்களோடு சேர்ந்து அதே அடியை வாங்குவார்கள், ஆனால் டிவியில் முகம் தெரியாது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆதரவாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஸ்காலர்ஷிப் பெறும் ஒவ்வொரு லைன்மேனுக்கும் வருடத்துக்கு 50,000 டாலர் என்று 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். கேமரா கண்டுகொள்ளாத அந்த ஐந்து பேரைப் பணம் முதன்முதலாகக் கண்டுகொண்டது. டெக்சாஸ் டெக் அணியில் 2022இல் 100 பேருக்கு ஆளுக்கு 25,000 டாலர். யூட்டா பல்கலைக்கழகத்தில் 2023 அக்டோபரில் ஸ்காலர்ஷிப் மாணவர்கள் 85 பேருக்கும் ஒரே மாதிரி பிக்கப் டிரக். யாருக்கு என்ன கிடைத்தது என்று காது கடிக்க அங்கே வேலையே இல்லை. பார்க்கிங்கில் நிற்கிறதே!

பணம் ஆட்களைப் பிரிக்கும் என்பார்கள், போகவிருந்தவர்களைப் பிடித்துவைத்ததும் உண்டு. 2024இல் ஒஹையோ ஸ்டேட் அணிக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர் என்று அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கக்கூடிய சீனியர்கள் பலர் இன்னும் ஒரு வருடம் கல்லூரியிலேயே இருந்தார்கள். நவம்பரில் பரம எதிரியான மிச்சிகனிடம் சொந்த மண்ணில் 13-10 என்று தோற்றபோது, "விலைக்கு வாங்கிய அணி, இனி சிதறிவிடும்" என்று ஏளனம் செய்ய நல்ல வாய்ப்பு. சிதறவில்லை. 2025 ஜனவரி 20இல் நோட்டர் டேமை 34-23 என்று ஜெயித்துத் தேசியப் பட்டத்தை வாங்கினார்கள்.

உடைந்த இடங்களில் என்ன நடந்தது?

இப்போது உடைந்த கதைகளைப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளி குவார்ட்டர்பேக் ஜேடன் ரஷாடாவுக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆதரவாளர் குழு 1.385 கோடி டாலர் ஒப்பந்தம் பேசியது. பணம் வரவில்லை. 2023 ஜனவரியில் அவர் ஃபுளோரிடாவில் சேராமலே விலகினார். 2024இல் அப்போதைய கோச் உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டார்.

டென்னசி அணியின் குவார்ட்டர்பேக் நிக்கோ இயமலியாவா 2024இல் அணியைப் பிளேஆஃப் வரை கொண்டுபோனவர். 2025 ஏப்ரலில் ஒருநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதிகப் பணம் கேட்டுப் பேரம் நடப்பதாகச் செய்திகள் வந்தன, அவர் தந்தை அதை மறுத்தார். மறுநாளே கோச் அவரை விட்டுவிட்டு முன்னேறப் போவதாக அறிவித்தார். நிக்கோ யு.சி.எல்.ஏ.வுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஜோயி அகிலார் என்ற குவார்ட்டர்பேக், வேறு கல்லூரியிலிருந்து வந்து வசந்த காலப் பயிற்சியில் இருந்தார். இவர் உள்ளே வந்ததும் அவர் வெளியே கிளம்பி, நேராக டென்னசிக்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு அணிகளிலும் மாதக்கணக்கில் பழகியதெல்லாம் ஒரு வாரத்தில் வீண்.

ரஷாடா, நிக்கோ, ஸ்லூகா மூன்று பேர் கதையிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. பேசிய தொகை என்ன, யார் பேசினார், எழுத்தில் இருக்கிறதா என்பது வெளியே யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அது தற்செயல் இல்லை. 2021 முதல் 2025 வரை இருந்த விதி அப்படி. விளம்பரப் பணம் வாங்கலாம், ஆனால் ஆடுவதற்காகப் பல்கலைக்கழகம் சம்பளம் தரக்கூடாது. ஒரு மாணவனை வரவைக்கப் பணம் பேசியே ஆக வேண்டும், பேசியதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. எனவே ஆதரவாளர் குழு ஒரு பக்கம், கோச் ஒரு பக்கம், ஏஜெண்ட் ஒரு பக்கம் என்று எல்லாம் காதோடு காதாக நடந்தது. விதியே கிசுகிசுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிசுகிசுவால் அணி கெட்டது என்று வருத்தப்பட்டால் எப்படி?

ஸ்லூகா போன பிறகு லாஸ் வேகாஸ் அணி என்ன ஆனது என்பதும் கவனிக்க வேண்டியது. அடுத்த ஆட்டத்தில் ஹஜ்-மாலிக் வில்லியம்ஸ் என்ற வேறு குவார்ட்டர்பேக்கோடு இறங்கி ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டை 59-14 என்று துவைத்தெடுத்தது. பருவ முடிவில் மொத்தம் 11 வெற்றிகள். ஒருவர் பணத்துக்காகப் போனார் என்பதற்காக மற்றவர்களின் ஒற்றுமை கரைந்துவிடவில்லை.

பெரிய அண்ணன் எப்படிச் சமாளிக்கிறான்?

"வித்தியாசம் இருந்தாலே பொறாமை வரும்" என்பவர்கள் என்.எஃப்.எல்.லைப் பார்க்கட்டும். டாலஸ் கவ்பாய்ஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் 2024இல் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்குச் சராசரி 6 கோடி டாலர். 2025இல் ஒரு புதுமுக ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 70 மடங்குக்கு மேல் வித்தியாசம். இருந்தும் "சம்பளத்தால் ஒற்றுமை அழிகிறது" என்று அங்கே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

காரணம் எளிது. யாருக்கு எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, அது முடியும்வரை இஷ்டத்துக்கு அணி மாற முடியாது. 1994 முதல் ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தபட்சச் சம்பளம் உட்பட இந்த விதிகள் எல்லாம் ஆட்டக்காரர்களின் சங்கம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டவை. தனக்குக் குறைவு என்று வருத்தப்படுகிறவனுக்குக்கூட, அந்த விதியில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்று தெரியும்.

கல்லூரியில் இந்த நான்கில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லாமல் பணத்தை மட்டும் உள்ளே விட்டார்கள்.

புதிய ஏற்பாடும் பழைய ஓட்டையும்

2025 ஜூன் 6இல் 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாக மாணவர்களுக்குப் பணம் தரலாம். 2025-26க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பழைய மாணவர்களுக்கு நஷ்ட ஈடாகச் சுமார் 280 கோடி டாலர். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி விளம்பர ஒப்பந்தங்களைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். பணம் மேசைக்கு மேலே வந்தது நல்ல விஷயம்தான்.

ஆனால் இதிலும் அடி வாங்கியது முகம் தெரியாதவர்களே. சமரசத்தோடு ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்பு வந்தது. முன்பு அதற்கு மேலும் வாக்-ஆன்கள் இருந்த அணிகளில் பலருக்கு இடம் ஆட்டம் கண்டது. எதிர்ப்பு கிளம்பி, நீதிபதி தலையிட்ட பிறகே, அப்படி இடமிழந்தவர்களுக்கு விலக்கு அளிக்க ஒத்துக்கொண்டார்கள். அதுவும் பல்கலைக்கழகம் விரும்பினால்தான். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இன்னும் வெளியிடுவதில்லை. விதிகளை எழுதிய மேசையில் வக்கீல்கள் இருந்தார்கள், ஆட்டக்காரர்களின் சங்கம் என்று ஒன்று இல்லை.

அப்படி ஒன்று வந்திருக்கவும் கூடும். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணி அதைத்தான் செய்து பார்த்தது. குவார்ட்டர்பேக் கெய்ன் கோல்ட்டர் முன்னின்று, சங்கம் அமைக்க விண்ணப்பித்தார். அவர் கேட்டது தனக்கு மட்டும் அதிகப் பணம் இல்லை. காயம் பட்டால் வைத்தியச் செலவு போன்ற, எல்லோருக்கும் பொதுவான விஷயங்களை முன்வைத்தார். சீசனில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே போகிறது என்பதையும் கணக்கில் எடுத்து, இவர்கள் ஊழியர்களே என்று அரசின் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல அதிகாரி மார்ச்சில் தீர்ப்புச் சொன்னார். ஏப்ரலில் மாணவர்கள் ஓட்டுப் போட்டார்கள். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்திருந்ததால் ஓட்டுப்பெட்டி சீல் வைக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில், இந்த விவகாரத்தில் தலையிடப்போவதில்லை என்று வாரியம் கைவிரித்துவிட்டது. அந்த ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை.

நட்சத்திர ஆட்டக்காரன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்காகவும் சேர்த்துக் கேட்பதைவிட ஒற்றுமை என்ன வேண்டும்? ஒன்றாகச் சேர்ந்து கேட்க வந்தவர்களுக்கு வழியை அடைத்துவிட்டு, ஒவ்வொருவனும் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, இப்போது "பையன்களுக்கு அணி என்ற நினைப்பே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை. ஒற்றுமை வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தால் செய்ய வேண்டியது இரண்டே விஷயம். யாருக்கு எவ்வளவு என்பதை அணிக்குள்ளாவது மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போடும்போது லைன்மேனும் வாக்-ஆனும் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும். அதைச் செய்யாதவரை, அடுத்த ஸ்லூகா வரும்போது பணத்தின் மேல் பழி போடுவது சுலபமாக இருக்கும், சரியாக இருக்காது.